சிறைக் கதவுக்கு எத்தனை சாவி? எதிர்க்கட்சித் தலைவரை மீட்கும் ராஜதந்திர வழிகள்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் அன்வார் இப்ராஹிம் சிறையிலிருந்து இரண்டு முறை வெளியே வந்தவர். முதல் முறை 2004 செப்டம்பர் 2. ஓரினப்புணர்ச்சி வழக்கின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஊழல் வழக்கின் தண்டனை அப்படியே நின்றது. அதனால் 2008 ஏப்ரல் வரை அவரால் தேர்தலில் நிற்க முடியவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த பொதுத்தேர்தலை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது முறை 2018 மே 16. இம்முறை மாமன்னர் கொடுத்தது முழு மன்னிப்பு. ஐந்தே மாதத்தில் போர்ட்டிக்சன் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றத்துக்குள் போய்விட்டார். 2022 நவம்பரில் பிரதமர்.

ஆள் ஒருவர்தான். கதவு திறந்ததும் இரண்டு முறைதான். ஆனால் முதல் முறை வெளியே வந்தது ஓர் ஆள். இரண்டாம் முறை வந்தது ஓர் அரசியல்வாதி.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஓர் எதிர்க்கட்சித் தலைவர் உள்ளே போனதும் குடும்பம், கட்சி, அக்கறையுள்ள வெளிநாட்டு அரசு என்று மூன்று தரப்பு ஒரே மேசையைச் சுற்றி உட்கார்கிறது. மூவரும் சொல்லும் சொல் "விடுதலை"தான். குடும்பத்துக்கு அது ஆள் உயிரோடு வீடு வந்து சேர்வது. கட்சிக்கு அவர் மறுபடி மேடையேறுவது. வெளிநாட்டு அரசுக்கு, பச்சையாகச் சொன்னால், நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கோப்பை மூடுவது. எந்த வழியில் போகலாம் என்ற விவாதம் பாதி நேரம் சண்டையில் முடிவதற்குக் காரணம், மூவரும் மூன்று வேறு ஊருக்கு டிக்கெட் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை: பூட்டி வைத்திருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? விலையை யார் கொடுக்கிறார்கள்? வெளியே வந்தபின் தாளில் என்ன மிச்சம் இருக்கிறது?

சத்தமில்லாத வழி

வெற்றிக் கதைகளில் அதிகம் பேசப்படுவது மிகயீல் கொதர்கோவ்ஸ்கியின் விடுதலை. அவர் கட்சித் தலைவர் இல்லை. எதிர்க்கட்சிகளுக்குப் பணம் கொடுத்த ரஷ்ய எண்ணெய் அதிபர். 2003இல் பிடித்துப் போட்டார்கள். ஜெர்மனியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹான்ஸ் டீட்ரிக் கென்ஷர் இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் திரைக்குப் பின்னால் வேலை செய்தார். புதினை இரண்டு முறை நேரில் பார்த்தார். வெளியே ஒரு வார்த்தை கசியவில்லை. 2013 டிசம்பர் 20 அதிகாலை இரண்டு மணிக்குக் கரேலியாவில் இருந்த முகாமில் கொதர்கோவ்ஸ்கியை எழுப்பி, கிளம்பு என்றார்கள். பயணம் பெர்லினில் முடியப்போகிறது என்பதே அவருக்கு வழியில்தான் தெரிந்தது. அங்கே விமான நிலையத்தில் 86 வயதுக் கென்ஷர் நின்றுகொண்டிருந்தார்.

இது ஏன் பலித்தது என்று பார்த்தால் மூன்று விஷயம் ஒன்றாகக் கூடியிருக்கிறது. சோச்சி குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பெருந்தன்மை காட்டினால் புதினுக்கு லாபம். தூது போனவருக்குப் பதவியும் இல்லை, தேர்தலும் இல்லை. சொந்த ஊரில் மார்தட்டிக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்ற சலுகையும் கிடைத்தது. இதில் மூன்றாவதுதான் என் கணக்கில் பெரியது. பல பேச்சுகள் முறிவது "தப்பு செய்தேன்" என்று ஒரு வரி எழுதச் சொல்லும் இடத்தில்தான்.

விலை? பெர்லினில் இறங்கியதும், அதிகாரப் போட்டியில் இறங்கப் போவதில்லை என்றார். ஆள் வந்தார், அரசியல் அங்கேயே நின்றுவிட்டது.

இதே வழியின் மறுபக்கத்தை மியன்மாரில் பார்க்கலாம். ஐ.நா. தூதராக இருந்த மலேசியர் ரசாலி இஸ்மாயில், ராணுவ ஆட்சிக்கும் ஆங் சான் சூச்சிக்கும் இடையே ரகசியப் பேச்சுக்கு வழி செய்தார். 2002 மேயில் சூச்சியை விட்டார்கள். ஓராண்டு போனதும், 2003 மே 30 அன்று, தெபாயினில் அவருடைய வாகன வரிசையைக் கும்பல் தாக்கியது. சூச்சி மறுபடி காவலில். ரசாலியை நாட்டுக்குள் விடுவதையே நிறுத்தினார்கள். 2006 தொடக்கத்தில் அவர் விலகினார். காதோடு காதாகக் கொடுத்த வாக்கை மீறினால், மீறியதற்கும் சாட்சி இருக்காது. சத்தமில்லாத வழியின் அடிப்படைக் குறை இது.

சத்தம்

எதிர்த் திசைக்குப் போவோம். 1998 நவம்பர், கோலாலம்பூரில் ஏபெக் மாநாடு. அன்வார் சிறையில். அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் விருந்து மேடையில் எழுந்து, மகாதீர் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்க, மலேசியாவின் 'ரிஃபார்மாசி' (சீர்திருத்த) இயக்கத்தைப் பாராட்டிப் பேசினார். பேசி முடித்ததும் விருந்துக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார். மகாதீர் இதைவிட நல்ல பரிசைக் கேட்டிருக்கவே முடியாது. உள்நாட்டு வழக்கு ஒன்று அன்றிரவே அந்நியத் தலையீட்டு விவகாரமாகிவிட்டது. அடுத்த ஆண்டு அன்வாருக்குத் தண்டனை கிடைத்தது. கோர் பேசாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சால் அன்வாருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை.

விருந்தாளி வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே திட்டினால், அதன்பின் இறங்கி வருவது தோல்வி மாதிரி ஆகிவிடும். எந்த ஆட்சியாளரும் அதற்கு இசைய மாட்டார்.

அப்படியானால் சத்தமே வேண்டாமா? இல்லை. இலங்கையில் சரத் பொன்சேகாவைப் பாருங்கள். 2010 ஜனவரித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவிடம் தோற்று, அடுத்த மாதமே கைதானவர். 2012 மார்ச்சில் ஜெனிவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. மே மாதம் வெளியுறவு அமைச்சர் ஜி.எல். பீரிஸ் வாஷிங்டனில் ஹிலாரி கிளின்டனைச் சந்தித்தார். அதே மாதம் 21ஆம் தேதி பொன்சேகா வெளியே. பொது இடத்தில் நெருக்கடி, மூடிய அறையில் பேச்சு. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒரே மேடையில் செய்யவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆனாலும் அந்த மன்னிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. குடியியல் உரிமைகள் திரும்பவில்லை. 2015 ஜனவரியில் ஆட்சி மாறி மைத்திரிபால சிறிசேன முழு மன்னிப்பு கொடுக்கும் வரை அவர் தேர்தலில் நிற்க முடியாதவராகவே இருந்தார். அன்வாரின் 2004 கதைதான், இடம் கொழும்பு.

ஒப்பந்தத்தில் போட்ட முடிச்சு

யூலியா திமோஷென்கோவின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ராஜதந்திரத்தின் எல்லாச் சாமர்த்தியமும் அதில் இருக்கிறது, எல்லாத் தோல்வியும் இருக்கிறது.

2011 அக்டோபரில் உக்ரைனின் முன்னாள் பிரதமர் திமோஷென்கோவுக்கு ஏழு ஆண்டுச் சிறை. ரஷ்யாவுடன் 2009இல் போட்ட எரிவாயு ஒப்பந்தத்தில் அதிகாரத்தை மீறினார் என்று குற்றச்சாட்டு. அப்போது ஐரோப்பிய ஒன்றியமும் உக்ரைனும் ஒரு பெரிய கூட்டு ஒப்பந்தத்தை இறுதிசெய்துகொண்டிருந்தன. ஐரோப்பியர்கள் மனதில் கணக்கு எளிது: உங்களுக்கு எங்கள் சந்தை வேண்டும், எங்களுக்கு அவர் வெளியே வர வேண்டும்.

முதலில் சத்தத்தை முயன்றார்கள். 2012 மேயில் யால்டாவில் நடக்கவிருந்த மத்திய ஐரோப்பிய அதிபர்கள் மாநாட்டுக்குப் பலர் வரமாட்டோம் என்றதும் அது நடக்காமல் போனது. அந்த ஆண்டு யூரோ கால்பந்துப் போட்டியின் உக்ரைன் ஆட்டங்களுக்கும் பல ஐரோப்பியத் தலைவர்கள் போகவில்லை. உக்ரைன் அதிபர் யானுகோவிச் அசையவில்லை. அப்புறம் ஐரோப்பிய நாடாளுமன்றம் இருவரை அனுப்பியது: அந்த அவையின் முன்னாள் தலைவரான அயர்லாந்தின் பாட் காக்ஸ், போலந்தின் முன்னாள் அதிபர் அலெக்சாண்டர் க்வாஷ்னியேவ்ஸ்கி. 2012 நடுவிலிருந்து 2013 நவம்பருக்குள் உக்ரைனுக்கு 27 தடவை போய்வந்தார்கள். வழக்கு விசாரணையில் உட்கார்ந்தார்கள், சிறைக்குப் போனார்கள், அதிபரோடு பேசினார்கள்.

முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. 2013 ஏப்ரலில் திமோஷென்கோ அமைச்சரவையில் உள்துறை அமைச்சராக இருந்த யூரி லுட்சென்கோ மன்னிப்பில் விடுதலையானார். ஆனால் திமோஷென்கோ விஷயத்தில், தண்டனையை விட்டுவிட்டு முதுகுவலிச் சிகிச்சைக்காக பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்ற யோசனை வரைதான் நகர்ந்தது. அதற்குச் சட்டம் வேண்டும் என்றார்கள். 2013 நவம்பர் 21 அன்று நாடாளுமன்றத்துக்கு வந்த ஆறு மசோதாக்களும் விழுந்தன. அதே நாள் உக்ரைன் அரசு ஐரோப்பிய ஒப்பந்த வேலையை நிறுத்தி வைத்தது. அன்று மாலையே கீவின் மைதான் சதுக்கத்தில் ஆட்கள் கூட ஆரம்பித்தார்கள்.

எங்கே தவறினார்கள்? திமோஷென்கோ வெளியே வந்தால் அடுத்த அதிபர் தேர்தலில் எதிரே நிற்பார் என்பது யானுகோவிச்சுக்குத் தெரியும். லுட்சென்கோவைப் பார்த்து அவருக்குப் பயம் இல்லை, அதனால் விட்டார். பயம் அந்த ஆளின் மேலேயே இருக்கும்போது, வணிகச் சலுகை எவ்வளவு கொட்டினாலும் தராசு சாயாது. அதோடு இன்னொரு பக்கத்தில் ரஷ்யா தன் தராசோடு நின்றுகொண்டிருந்தது. ஒரு நாட்டின் எதிர்காலத்தையே ஒரு சிறை அறையோடு முடிச்சுப் போட்டபோது, அந்த முடிச்சைச் சாக்காக வைத்து ஒப்பந்தத்தையே கைகழுவ யானுகோவிச்சுக்கு வழி கிடைத்தது.

2014 பிப்ரவரி 22. யானுகோவிச் தலைநகரை விட்டு ஓடியதற்கு மறுநாள். நாடாளுமன்றம் வாக்களித்து திமோஷென்கோவை விடுவித்தது. அன்றிரவே சக்கர நாற்காலியில் மைதான் மேடைக்கு வந்தார். 27 பயணங்கள் திறக்காத கதவை உள்ளூர்க்காரர்கள் திறந்தார்கள்.

தடையைத் தளர்த்தி ஆளை வாங்குவது

பெலாருஸ் இதன் இன்னொரு வடிவம். அங்கே ஒப்பந்தம் என்ற கேரட் இல்லை. ஏற்கெனவே போட்ட தடைகள்தான் நாணயம். அமெரிக்கத் தூதர்கள் மின்ஸ்குக்குப் போகிறார்கள், அதிபர் லுகஷென்கோவோடு சாப்பிடுகிறார்கள், திரும்பும்போது பேருந்து நிறைய ஆட்களோடு வருகிறார்கள். 2025 ஜூன் 21 அன்று 14 பேர். செப்டம்பர் 11 அன்று 52 பேர். பதிலுக்கு அரசு விமான நிறுவனம் பெலாவியாவின் மீதிருந்த அமெரிக்கத் தடை தளர்ந்தது. டிசம்பரில் 123 பேர், எதிர்க்கட்சித் தலைவர்களான மரியா கலேஸ்னிகவாவும் விக்தர் பபரிகாவும் அவர்களில் அடக்கம். இம்முறை பொட்டாஷ் உரத் தடை.

எண்ணிக்கையில் பார்த்தால் இதைப்போலப் பலன் தந்த வழி சமீபத்தில் வேறில்லை. வெளியே வந்தவர்களின் குடும்பத்திடம் போய் இது கொள்கைக்கு விரோதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஜூனில் வந்த எதிர்க்கட்சித் தலைவர் சியர்ஹேய் சிகனோவ்ஸ்கியை ஐந்தாண்டு கழித்துப் பார்த்த அவருடைய சின்ன மகளுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு மெலிந்து போயிருந்தார். மறுநாள் நிருபர்கள் முன்னால் அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஆனால் இந்த வியாபாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கைதி செல்லுபடியாகும் நாணயம் என்று ஆட்சியாளருக்குத் தெரிந்துவிட்டால், நாணயம் அச்சடிப்பது அவருக்கு ரொம்பச் சுலபம். ஒரு பக்கம் விடுவிப்பார், மறுபக்கம் பிடிப்பார். பெலாருஸில் அதுதான் நடந்தது. தடை விதிக்கும் நாடுகளும் ஒன்றாக நிற்பதில்லை. அமெரிக்கா தளர்த்தியபோது ஐரோப்பியத் தடைகள் அப்படியே நின்றன. ஒரு வகையில் அது நல்லதுதான். கையில் இன்னும் கொஞ்சம் சில்லறை மிச்சம்.

செப்டம்பர்ப் பேருந்தில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மிகலாய் ஸ்தத்கேவிச், 2010 அதிபர் தேர்தலில் நின்றவர், வயது அறுபதைத் தாண்டியவர். லிதுவேனிய எல்லையில் பேருந்திலிருந்து வலுக்கட்டாயமாக இறங்கிவிட்டார். நாட்டை விட்டுப் போக மாட்டேன் என்று இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவிலிருந்த வெற்று நிலத்தில் மணிக்கணக்காகத் தனியே உட்கார்ந்திருந்தார். பிறகு பெலாருஸ் பக்கமே திரும்பினார், மறுபடி சிறை. அவரை விடுவிக்க ஒரு வல்லரசு பேரம் பேசி முடித்திருந்தது. அவரிடம்தான் யாரும் கேட்கவில்லை.

ஆளுக்கு ஆள்

கைதிப் பரிமாற்றத்தில் கணக்கு ஒளிவுமறைவில்லாமல் இருக்கும். 2024 ஆகஸ்ட் 1, அங்காரா விமான நிலையம். ரஷ்யாவும் பெலாருஸும் 16 பேரை விட்டன. மேற்கு நாடுகள் 8 பேரை விட்டன. இந்தப் பக்கம் வந்தவர்களில் எதிர்க்கட்சிக்காரர்களான விளாதிமிர் காரா முர்ஸா, இல்யா யாஷின். அந்தப் பக்கம் போனவர்களில் வாதிம் கிராசிகோவ், 2019இல் பெர்லின் பூங்கா ஒன்றில் பட்டப்பகலில் ஒருவரைச் சுட்டுக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை அனுபவித்தவர். மாஸ்கோவில் இறங்கியதும் புதின் அவரைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்.

இதில் விலை கொடுத்தது யார்? கொல்லப்பட்டவரின் குடும்பம். ஜெர்மன் அரசு இதைத் தெரிந்தேதான் செய்தது, அதற்காகத் திட்டும் வாங்கிக்கொண்டது. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. இந்தப் பட்டியலில் முதலில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் பெயரைச் சேர்க்கத்தான் அவருடைய குழுவினர் முயன்றார்கள். பேச்சு முடியும் கட்டத்தில் இருந்தது என்றார்கள். 2024 பிப்ரவரி 16 அன்று ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கார்ப் முகாமில் நவால்னி இறந்துபோனார். பரிமாற்றத்துக்குத் தான் சம்மதித்திருந்ததாகவும், திரும்பி வரக்கூடாது என்பதுதான் நிபந்தனை என்றும் அடுத்த மாதம் புதின் சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆஸ்பத்திரி வழி

இந்தியப் பெருங்கடல் பக்கம் வருவோம். மாலத்தீவின் முன்னாள் அதிபர் முகமது நஷீத் கதையில் இதுவரை சொன்ன வழிகளில் பல ஏதோ ஓர் அத்தியாயத்தில் வந்துபோகின்றன.

2013 பிப்ரவரியில் கைது வாரண்டுக்குத் தப்பி மாலேயிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குள் போய் 11 நாள் இருந்தார். தூதரகம் புகலிடம் ஆகலாம், தீர்வு ஆகாது. வெளியே வந்த சில நாளில் கைது. 2015 பிப்ரவரியில் மறுபடி பிடித்தார்கள். நீதிமன்றத்துக்குள் போலீஸ் இழுத்துப்போனதில் சட்டை கிழிந்து, கை அடிபட்டது. 19 நாளில் விசாரணை முடிந்து மார்ச் 13 அன்று 13 ஆண்டுச் சிறை, பயங்கரவாதச் சட்டம். அதே மாதம் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குப் போன பிரதமர் மோடி மாலேயைத் தவிர்த்துவிட்டார். காரணம் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

அப்புறம் உள்ளூர் பேரம். ஜூனில் அதிபர் யாமீனுக்குத் தேவைப்பட்ட அரசியல் சாசனத் திருத்தத்துக்கு நஷீதின் எம்டிபி கட்சியினர் வாக்களித்தார்கள். நஷீத் வீட்டுக்காவலுக்கு மாறினார். வேலை முடிந்தது, ஆகஸ்டில் மறுபடி மாஃபுஷி சிறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். முன்பணம் முழுவதையும் கொடுத்துவிட்டுச் சரக்குக்குக் காத்திருந்த கதை. நான் பார்த்தவரையில், எந்தப் பேச்சிலும் செய்யக்கூடாத தப்பு இதுதான்.

கடைசியில் பலித்தது முதுகுத் தண்டு. 2016 ஜனவரியில் இலங்கை, இந்தியா, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து பேசி, அறுவைச் சிகிச்சைக்காக லண்டன் போக அனுமதி வாங்கின. போகும்போது குடும்பத்தில் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஒரு நிபந்தனை வந்து இழுபறி ஆனது. கொழும்பு வழியாகப் போய்ச் சேர்ந்தார். மே மாதம் பிரிட்டன் அரசியல் தஞ்சம் கொடுத்தது.

மருத்துவ வழியின் அருமை, யாரும் தோற்க வேண்டாம் என்பதே. அரசு மன்னித்ததாகவும் இல்லை, பணிந்ததாகவும் இல்லை, மனிதாபிமானம் காட்டியது. கைதி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் இல்லை, வைத்தியத்துக்குப் போனார். ஆனால் தண்டனை தாளில் அப்படியே இருந்தது. 2018 தேர்தலில் நஷீத் நிற்க முடியாமல் போனதும் அதனால்தான். கட்சி இப்ராஹிம் முகமது சோலிஹை நிறுத்தியது. செப்டம்பரில் சோலிஹ் ஜெயித்தார், நவம்பர் 1 அன்று நஷீத் மாலேயில் இறங்கினார், அந்த மாதமே உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்ற சபாநாயகர்.

தீர்ப்பு என்ற தாள்

சர்வதேச நீதிமன்றங்களும் ஐ.நா. குழுக்களும் சிறைக் கதவைத் திறப்பதில்லை. நஷீதின் காவல் சட்டவிரோதம் என்று ஐ.நா. செயற்குழு 2015இலேயே சொன்னது. பாகிஸ்தானின் இம்ரான் கான் விஷயத்திலும் 2024இல் சொன்னது. இரண்டு அரசும் தாளை வாங்கி வைத்துக்கொண்டன. குர்து அரசியல்வாதி செலாஹத்தின் தெமிர்தாஷை உடனே விடுவிக்கச் சொல்லி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டு கழித்தும் துருக்கி அவரை உள்ளேயேதான் வைத்திருந்தது.

சரி, அப்படியானால் வீண்வேலையா? அஜர்பைஜானின் எதிர்க்கட்சித் தலைவர் இல்கார் மம்மதோவ் வழக்கைப் பாருங்கள். 2014இல் அதே ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு. அரசு கண்டுகொள்ளவில்லை. 2017 டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் தாய் அமைப்பான ஐரோப்பிய மன்றம், தீர்ப்பை மதிக்காத நாட்டை மறுபடி நீதிமன்றத்துக்கு இழுக்கும் நடைமுறையை முதல்முறையாகக் கையிலெடுத்தது. 2018 ஆகஸ்டில் மம்மதோவ் வெளியே. 2020இல் அவர்கள் நாட்டு உச்ச நீதிமன்றமே குற்றமற்றவர் என்று சொல்லி இழப்பீடும் கொடுத்தது. மெதுவான வழிதான். ஆனால் இந்தக் கட்டுரையில் வருபவர்களில், வெளிநாடு போகாமல், ஆட்சி மாறக் காத்திருக்காமல், பெயரும் துடைக்கப்பட்டு நின்றவர் அநேகமாக அவர் மட்டுமே.

ஜார்ஜியாவின் எதிர்க்கட்சித் தலைவர் நிகா மெலியா பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், சுவையான கதை. ஜாமீன் தொகை கட்டினால் வழக்கை ஏற்றதாகிவிடும் என்று 2021இல் அவர் கட்ட மறுத்தார். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் சமரசம் பேச வந்த ஐரோப்பிய ஒன்றியமே 40,000 லாரி (ஜார்ஜிய நாணயம்) ஜாமீன் தொகையைக் கட்டி அவரை வெளியே எடுத்தது. இரண்டு மாதத்தில் ஆளும் கட்சி அந்தச் சமரசத்திலிருந்து விலகியது. 2025இல் மெலியா மறுபடி சிறையில்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பொதுவான பதில் கிடையாது என்று நழுவ மாட்டேன். கைதியின் உடம்பு மோசமாக இருந்தால் மருத்துவ வழி, அதுவும் உடனே. கௌரவம் பார்க்க அது நேரமில்லை. நவால்னி விஷயத்தில் காலம்தான் தோற்கடித்தது. சத்தம் போடுகிறவர்களும் தூது போகிறவர்களும் தனித்தனி ஆட்களாக இருக்கட்டும். சத்தம் நாடாளுமன்றங்களிடமிருந்தும் வெளிநாடுவாழ் மக்களிடமிருந்தும் வரட்டும், தூது போவது பதவியில் இல்லாத ஒரு பெரியவராக இருக்கட்டும். சர்வதேச வழக்கை முதல் மாதமே போட்டுவைக்க வேண்டும்; நாலு வருடம் கழித்துத்தான் பலிக்கும் என்றால் இன்றைக்கே ஆரம்பிப்பதுதான் புத்தி.

உடம்பு தாங்கும், இரண்டு மூன்று ஆண்டில் தேர்தல் வருகிறது, அந்த நாட்டில் வாக்கை ஓரளவாவது ஒழுங்காக எண்ணுகிறார்கள் என்றால், வெளிநாட்டுக்கு அனுப்பும் பேரத்துக்கு நான் அவசரப்பட மாட்டேன். அன்வாருக்கும் நஷீதுக்கும் அரசியலைத் திருப்பிக் கொடுத்தது வாக்குப்பெட்டிதான். ராஜதந்திரம் செய்தது அதுவரை ஆளை உயிரோடு வைத்திருந்தது. வாக்கு எண்ணப்படாத நாடென்றால் கதையே வேறு; அங்கே பேருந்து வரும்போது ஏறிவிடுவதே பலருக்கு நல்லது.

தடையைத் தளர்த்துவதென்றால் ஆட்கள் எல்லை தாண்டிய பிறகே தளர்த்த வேண்டும், ஒவ்வொரு தவணைக்கும் புதுக் கைதுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு. மன்னிப்பு என்றால் அதன் வாசகத்தை வழக்கறிஞர் முன்கூட்டியே படிக்க வேண்டும்: தண்டனை மட்டும் போகிறதா, தகுதியிழப்பும் போகிறதா, கடவுச்சீட்டு கையில் கிடைக்குமா, திரும்பி வரலாமா.

இதற்கெல்லாம் முன்னால் சிறையின் சந்திப்பு அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உள்ளே இருப்பவரிடமே கேட்க வேண்டும்: எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை? நாடு கடத்தினால் போவீர்களா? மன்னிப்புக் கடிதம் எழுதுவீர்களா? புதினுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத காரா முர்ஸா மறுத்தார். யாஷின் ஒரு படி மேலே போய், தன்னை நாட்டை விட்டு அனுப்பச் சம்மதமில்லை, குடிமகனை வெளியேற்ற ரஷ்ய அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று சிறை நிர்வாகத்திடம் எழுத்திலேயே கொடுத்திருந்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் அங்காரா விமானத்தில் ஏற்றினார்கள். மறுநாள் ஜெர்மனியின் பான் நகரில் நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து, இதற்குப் பேர் விடுதலை இல்லை, நாடு கடத்தல் என்றார்.